சிந்தனையைப் படம்பிடித்தல்: மெய்யியலாளர் ஆவணப்படங்களை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது?

1. கேள்வி

மெய்யியலாளர்களையும் அறவியல் சிக்கல்களையும் பொருளாகக் கொண்ட ஆவணப்படங்கள், கடந்த அறுபது ஆண்டுகளில் தனியொரு வகைமையாகவே வளர்ந்திருக்கின்றன. தொலைக்காட்சி உரையாடல், வாழ்க்கை வரலாற்றுப் படம், பயணப் படம், காப்பகக் காட்சிகளைத் தொகுத்து அமைத்த படம் என அவற்றின் வடிவங்கள் பலவாயினும், எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் இடர்ப்பாடு பொதுவாக இருக்கிறது. கேமரா பதிவு செய்வது முகத்தையும் குரலையும் அறையையும் தெருவையும்தான். சிந்தனை இவற்றுள் எதுவும் அன்று. ஒரு கருத்து எந்த முன்கோள்களிலிருந்து புறப்படுகிறது, எந்த மறுப்புகளை எதிர்கொள்கிறது, எவ்வழியே முடிவை எட்டுகிறது என்பதைக் கண்ணால் காணும் பொருளாக ஆக்குவது கடினம். ஆகவே இயக்குநர்கள் பலரும் காட்டக்கூடிய ஒன்றை, அதாவது வாழ்க்கையை, நாடிப் போகிறார்கள். பிறந்த ஊர், படித்த பள்ளி, எழுதிய மேசை, பெற்ற விருது, இறுதி ஊர்வலம் என்று படம் நகர்கிறது. முடிவில் ஒரு பெரிய மனிதரைக் கண்ட நிறைவு பார்வையாளருக்குக் கிடைக்கிறது. அவர் எதற்காக வாதிட்டார், அந்த வாதம் சரியா என்னும் கேள்விகள் தொடப்படாமலே நின்றுவிடுகின்றன.

இத்தகைய படங்களை மதிப்பிட எந்த அளவுகோல் பொருந்தும் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. படம் சிந்தனையாளரை எவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிறது என்பதும், அவருடைய கருத்துகளை எவ்வளவு எளிமையாகச் சுருக்கித் தருகிறது என்பதும் வழக்கமாகக் கையாளப்படும் அளவுகோல்கள். இவை இரண்டும் போதாதவை என்பதும், பார்வையாளர் அந்தச் சிந்தனையாளரோடு வாதிடுவதற்குப் படம் இடம் தருகிறதா என்பதே உரிய அளவுகோல் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் உருவான சில படங்களைக் கொண்டு இக்கருத்து சோதித்துப் பார்க்கப்படுகிறது.

2. வாழ்வும் சிந்தனையும்: நிலவும் இரு நிலைப்பாடுகள்

சிந்தனையாளரின் வாழ்க்கைக்கும் அவருடைய சிந்தனைக்கும் என்ன தொடர்பு என்பதில் நெடுங்காலமாக இரண்டு நிலைப்பாடுகள் உண்டு. ஜெர்மானிய மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெக்கர், அரிஸ்டாட்டிலைப் பற்றிய தம் வகுப்பொன்றில், அவர் பிறந்தார், உழைத்தார், இறந்தார் என்பதற்கு மேல் அவருடைய வாழ்க்கையைப் பற்றி அறியவேண்டியது எதுவுமில்லை என்னும் பொருள்படப் பேசியது முதல் நிலைப்பாட்டின் கூர்மையான வடிவம். இதன்படி வாழ்க்கை வரலாறு மெய்யியலுக்குப் புறம்பான துணுக்குச் செய்தி. ஒரு வாதம் சரியா தவறா என்பது அதைச் சொன்னவரின் குடும்பத்தையோ நோயையோ நட்பையோ பொறுத்ததன்று.

இரண்டாம் நிலைப்பாட்டுக்குப் பண்டைய கிரேக்கமே சான்றாகக் காட்டப்படுகிறது. மெய்யியல் அங்கே கோட்பாடாக இருந்ததைவிட வாழும் முறையாகவே இருந்தது என்று பிரெஞ்சு அறிஞர் பியர் ஹடோ விரிவாக நிறுவினார். ஸ்டோயிக்குகளும் எபிக்யூரியர்களும் தம் மாணவர்களுக்குக் கற்பித்தது அன்றாடம் மேற்கொள்ளவேண்டிய மனப் பயிற்சிகளை. சாக்ரடீஸ் எதையும் எழுதிவைக்கவில்லை. அவர் வாழ்ந்த விதமும் இறந்த விதமும்தான் அவருடைய மெய்யியலாகக் கைமாறி வந்தன. இந்த நோக்கில் பார்த்தால், வாழ்க்கையைக் காட்டும் படம் சிந்தனையை விட்டு விலகுவதில்லை; அதன் மையத்துக்கே செல்கிறது.

இவ்விரு நிலைப்பாடுகளிலும் உண்மை இருக்கிறது. ஹைடெக்கரையே எடுத்துக்கொண்டால், 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து பிரைபுர்க் பல்கலைக்கழகத்தின் தலைவர் பொறுப்பை ஏற்ற ஒருவரின் சிந்தனையை அந்த வாழ்க்கையிலிருந்து முழுதாகப் பிரித்துவிட முடியுமா என்னும் கேள்வி இன்றும் தீரவில்லை. மறுபுறம், வாழ்க்கையே சிந்தனை என்று கொண்டால், நல்லவரின் வாதமெல்லாம் நல்ல வாதம் என்னும் பிழையில் போய் விழ நேரும். சாக்ரடீஸின் சித்திரங்களே இதைத் தெளிவாக்குகின்றன. அரிஸ்டோபனீஸ் தம் நாடகத்தில் அவரைச் சொற்சிலம்பம் ஆடுபவராக நகையாடினார். செனபோன் அவரை நடைமுறை அறிவுரையாளராக வரைந்தார். பிளேட்டோ அவரைக் கேள்விகளின் உருவமாகவே ஆக்கினார். ஒரே வாழ்க்கையிலிருந்து மூன்று மனிதர்கள் எழுந்தார்கள். அவற்றுள் பிளேட்டோவின் சித்திரம் மெய்யியலாக நிலைத்ததற்கு, அதில் சாக்ரடீஸை மறுத்துப் பேசும் மனிதர்களுக்கும் குரல் இருந்தது ஒரு முக்கியமான காரணம். திராசிமாக்கஸும் கல்லிக்லீசும் எழுப்பும் மறுப்புகள் வலுவானவை. படிப்பவர் அவர்கள் பக்கம் சாய்வதற்கும் இடமுண்டு. வாழ்வா சிந்தனையா என்னும் தேர்வைக் காட்டிலும், வாதத்தில் பங்கேற்க மற்றவருக்கு இடமிருக்கிறதா என்னும் கேள்வி அடிப்படையானது என்பதற்கு இது பழமையான சான்று.

3. உரையாடல் என்னும் வடிவம்

தொலைக்காட்சி உரையாடல் இவ்வகைமையின் எளிய வடிவம்; பலரும் அதைப் படம் என்றே மதிப்பதில்லை. ஆயினும் சிந்தனை நிகழ்வதைக் கண்முன் காட்டுவதில் அது பெற்ற வெற்றி பெரிது. மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சியில் குந்தர் கவுஸ் நடத்திய நேர்காணல் தொடரில், 1964 அக்டோபர் 28 அன்று ஹன்னா அரெண்ட் தோன்றிய நிகழ்ச்சி அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கேமரா ஏறக்குறைய முழு நேரமும் விருந்தினர் மீதே நிலைத்திருக்க, கேள்வி கேட்பவர் பெரும்பாலும் குரலாகவும் பின்தலையாகவும் மட்டுமே இருப்பது அத்தொடரின் முறை. அரெண்டை மெய்யியலாளர் என்று கவுஸ் அறிமுகப்படுத்திய உடனேயே அவர் அதை மறுக்கிறார். தமது துறை அரசியல் கோட்பாடு என்றும், மெய்யியலாளர்களின் வட்டத்தைச் சேர்ந்தவராகத் தம்மைக் கருதவில்லை என்றும் சொல்கிறார். கவுஸ் விடுவதில்லை, அவ்விரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று மேலும் துளைக்கிறார். செயல்படும் மனிதருக்கும் சிந்திக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள இழுபறியை அரெண்ட் அப்போது விளக்கத் தொடங்குகிறார். சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சில விநாடிகள் நிறுத்தி, சொன்னதைத் திருத்தி, மீண்டும் சொல்லும் அந்த ஒழுங்கில் ஒரு கருத்து உருவாவதைப் பார்வையாளர் பின்தொடர முடிகிறது. அரெண்டின் நூல்களைப் படித்திராதவரும், அவர் எங்கே தயங்குகிறார், எங்கே உறுதியாக நிற்கிறார் என்பதைக் கண்டு, தம் கேள்வியைத் தாமே உருவாக்கிக்கொள்ள முடியும்.

பிரிட்டனில் பிரையன் மகீ பிபிசிக்காக 1978இல் நடத்திய பதினைந்து உரையாடல்களும், 1987இல் நடத்திய மற்றொரு பதினைந்தும் இதே நம்பிக்கையில் எழுந்தவை. இருவர் அமர்ந்து பேசுவதைத் தவிர அவற்றில் காட்சி என்று ஏதுமில்லை. ஆயினும் முதல் தொடரில் ஏ.ஜே. அயர் தோன்றும் பகுதி, சிந்தனையின் நேர்மையைக் காட்டும் அரிய பதிவு. அனுபவத்தால் சரிபார்க்க முடியாத கூற்றுகளும், சொற்பொருளாலேயே உண்மையாகாத கூற்றுகளும் பொருளற்றவை என்று வாதிட்ட தருக்க நேர்க்காட்சிவாதத்தை, ஆங்கில உலகில் 1936ஆம் ஆண்டு நூலின் வழியாகப் பரப்பியவர் அயர். அக்கோட்பாட்டின் பெருங்குறைகள் எவை என்று மகீ கேட்கும்போது, அதில் ஏறத்தாழ எல்லாமே தவறாக இருந்ததுதான் முதன்மையான குறை என்று அயர் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். அதே வேளையில் அதன் அணுகுமுறையின் உட்கருத்தை அவர் முழுதாகக் கைவிடவும் இல்லை. தம் வாழ்நாள் கருத்தை ஒருவர் பொதுவெளியில் எடைபோடும் இக்கணத்தில் வாழ்வும் சிந்தனையும் ஒன்றாகவே புலப்படுகின்றன.

பியர்-ஆந்த்ரே புத்தாங் இயக்க, கிளேர் பார்னே கேள்வி கேட்ட ழில் தெல்யூஸின் அகரவரிசைப் படம் இவ்வடிவத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. நேர்காணல்களில் விருப்பமற்ற தெல்யூஸ், தம் இறப்புக்குப் பின்னரே வெளியிடவேண்டும் என்னும் நிபந்தனையோடு 1988–89இல் தம் பாரிஸ் வீட்டில் இதற்கு அமர்ந்தார். பின்னர் நிபந்தனையைத் தளர்த்த, அவர் மறைந்த 1995இலேயே அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தலைப்பு என்று ஏழரை மணி நேரத்துக்கு மேல் நீளும் இப்படத்தில், கேட்பவரின் உருவம் தெல்யூஸின் பின்னாலுள்ள கண்ணாடியில் மட்டும் தெரிகிறது. இங்கே படத்தின் உண்மையான மூலதனம் நேரம். ஒரு கருத்தைச் சுற்றிவளைத்து, எடுத்துக்காட்டுக்குப் போய், களைத்து, மீண்டும் திரும்பி வருவதற்கு நேரம் தரப்படும்போது, விளம்பர வாசகமாகச் சுருக்க முடியாத சிந்தனையும் திரையில் இடம்பெறுகிறது. எனினும் இதன் எல்லையும் தெளிவானது. பார்னே தெல்யூஸின் மாணவி, நண்பர், அவரோடு சேர்ந்து நூல் எழுதியவர். விட்கென்ஸ்டைன் மீது தெல்யூஸ் சினத்தோடு பாயும்போது, ஏன் என்று விடாமல் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. கவுஸிடமும் மகீயிடமும் இருந்த மறுத்துக் கேட்கும் குரல் இல்லாத இடத்தில், பார்வையாளர் பேச்சின் அழகில் திளைக்கலாம். வாதத்தில் நுழைவது கடினம்.

4. வாழ்க்கையைக் காட்டுதல்: தெரிதாவின் எதிர்ப்பு

கர்பி டிக், ஏமி சீரிங் காஃப்மன் ஆகியோர் இயக்கி 2002இல் வெளியான "தெரிதா", வாழ்க்கை வரலாற்றுப் படம் என்னும் வடிவம் தன்னையே விசாரித்துக்கொண்ட முயற்சி. ஒரு பனுவல் தான் சொல்வதாகக் கூறும் பொருளை அதன் உள்முரண்களே எவ்வாறு நிலைகுலையச் செய்கின்றன என்று காட்டும் கட்டவிழ்ப்பு என்னும் வாசிப்பு முறையைத் தந்தவர் ழாக் தெரிதா. அவரை இயல்பாக இருக்கச் சொல்லிப் படமெடுப்பதில் உள்ள பொய்மையைச் சுட்டும் முதல் ஆளாக அவரே இருக்கிறார். கேமரா இல்லாத நாளில் தாம் பெரும்பாலும் வீட்டு உடையிலேயே இருந்திருக்கக் கூடும் என்றும், படத்துக்காகவே உடுத்தி அமர்ந்திருப்பதாகவும் அவர் சொல்லும் சொற்கள் படத்தில் அப்படியே இடம்பெறுகின்றன. அரிஸ்டாட்டில் பற்றிய ஹைடெக்கரின் கூற்றையும் அவர் இப்படத்தில் எடுத்துப் பேசி, வாழ்க்கையை வெறும் துணுக்கென்று ஒதுக்கும் மரபை ஆய்வுக்கு உட்படுத்துகிறார்.

இரண்டு தருணங்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. காதலைப் பற்றிப் பேசுமாறு கேட்கப்படும்போது, பொதுப்படையாகக் கேட்டால் தம்மிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரிதா மறுக்கிறார். சற்று நேரத்துக்குப் பின், காதலிப்பது ஒருவரையா அல்லது அவரிடமுள்ள ஏதோ ஒரு பண்பையா என்னும் வேறுபாட்டை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து இருப்பு குறித்த பழைய மெய்யியல் கேள்விவரை சென்றுவிடுகிறார். மேலோட்டமான கேள்வி ஒன்று மறுக்கப்பட்டு, மெய்யியல் கேள்வியாக மாற்றப்படும் வழி முழுவதையும் ஒரே காட்சியில் காண முடிகிறது. இயக்குநர்கள் தங்கள் கேள்வியின் பலவீனத்தை வெட்டி மறைக்காமல் விட்டதே இக்காட்சியின் பெறுமதி. மற்றொன்றில், கான்ட், ஹெகல், ஹைடெக்கர் பற்றிய ஆவணப்படத்தில் எதைக் காண விரும்புவார் என்று கேட்கப்பட, அவர்களுடைய பாலியல் வாழ்வை என்கிறார். தங்கள் நூல்களில் அவர்கள் பேசாது விட்டது அதுவே என்பது அவர் தரும் காரணம். அதே தெரிதாவும் அவர் மனைவியும் தங்கள் சந்திப்பைப் பற்றிக் கேட்கப்படும்போது, தேதிகளுக்கும் இடங்களுக்கும் மேல் எதையும் சொல்ல விரும்புவதில்லை. இம்முரணைப் படம் அருகருகே வைத்துவிட்டு விலகி நிற்கிறது. முடிவு பார்வையாளரிடம் விடப்படுகிறது.

ஆயினும் இப்படத்துக்கு ஒரு குறை உண்டு. தெரிதாவின் நூல்களிலிருந்து எடுத்த பகுதிகள் இசையோடும் நகரக் காட்சிகளோடும் வாசிக்கப்படும்போது, அவை வாதமாக அன்றி மந்திர உச்சாடனமாக ஒலிக்கின்றன. அவரைக் கடுமையாக மறுத்த ஜான் சேர்ல் போன்றவர்களுக்கு இதில் இடமில்லை. படம் தன்னைத்தானே கேள்விக்குள்ளாக்குகிறது. தெரிதாவின் கோட்பாட்டை அதே அளவுக்குக் கேள்விக்குள்ளாக்கவில்லை.

5. இடத்தைச் சான்றாக்குதல்

ஆஸ்ட்ரா டெய்லரின் "ஆராயப்பட்ட வாழ்வு" (2008) மெய்யியலாளர்களை வகுப்பறையிலிருந்து தெருவுக்கு அழைத்து வந்தது. ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய பத்து நிமிடம். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். பீட்டர் சிங்கர் நியூயார்க்கின் விலையுயர்ந்த கடைவீதியான ஐந்தாம் அவென்யூவில் நடந்தபடி, குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றக் காலணி பாழாவதைப் பொருட்படுத்தாத ஒருவர், தொலைவில் வறுமையால் இறக்கும் குழந்தைக்காக அதே செலவைச் செய்யத் தயங்குவது நியாயமா என்று கேட்கிறார். ஸ்லாவோய் ஜிஜெக் குப்பைமேட்டில் நின்று சூழலியலைப் பற்றிப் பேசுகிறார். சிங்கரின் பகுதியில் இடம் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. கடைகளின் கண்ணாடிக்குப் பின்னுள்ள காலணிகளும் கைப்பைகளும் அவருடைய கணக்கின் மறுபக்கமாக நிற்கின்றன. ஆனால் அருகிலுள்ள துன்பத்துக்கும் தொலைவிலுள்ள துன்பத்துக்கும் கடமை ஒன்றேதானா என்னும் நெடுநாள் விவாதத்துக்குப் பத்து நிமிடத்தில் இடமில்லை. காட்சியின் வலிமை மறுப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதே படத்தில் ஜூடித் பட்லரும், இயக்குநரின் சகோதரியும் ஓவியருமான சுனோரா டெய்லரும் சான் பிரான்சிஸ்கோ தெருவில் செல்லும் பகுதி வேறு தரத்தது. சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் சுனோரா, உலவப் போவது என்று தாமும் சொல்வதாகத் தொடங்கி, சரிவுப் பாதைகளும் பேருந்து வசதியும் உள்ள நகரத்தில் ஊனமுற்றோர் வெளியே வர முடிவதையும், வெளியே வருவதால் மற்றவர்களின் பார்வை பழகிப் போவதையும் சொல்கிறார். காபிக் கோப்பையைக் கைக்குப் பதிலாக வாயால் எடுக்க முடியும் என்றாலும், பிறரின் பார்வைக்கு அஞ்சி அதைத் தவிர்த்ததைக் குறிப்பிடுகிறார். இருவரும் பழைய துணிக் கடைக்குள் நுழைந்து ஒரு கம்பளிச் சட்டை எடுக்கிறார்கள்; அதை அணிவதில் பட்லர் உதவுகிறார். யாருடைய உதவியும் தேவைப்படாத தனிமனிதர் என்பது இயல்பான நிலையா, அல்லது எல்லா உடல்களும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்கும் உண்மையை மறைக்கும் கற்பிதமா என்னும் கேள்வி, இச்சிறு செயலிலிருந்து தானாக எழுகிறது. அறிவுசார்ந்த வாதத்தை மட்டுமே இக்கட்டுரையின் அளவுகோல் மதிக்கிறது என்று எழக்கூடிய மறுப்புக்கு இப்பகுதியே விடை. உடலின் அனுபவமும் ஒரு காரணமாக முன்வைக்கப்படலாம். பார்வையாளர் தம் உடலின் அனுபவத்தைக் கொண்டு அதைச் சோதிக்கலாம்.

டேவிட் பாரிசன், டேனியல் ராஸ் ஆகிய இரு ஆஸ்திரேலியர்கள் எடுத்த "தி இஸ்டர்" (2004), ஹோல்டர்லின் கவிதையைக் குறித்து ஹைடெக்கர் 1942இல் நிகழ்த்திய வகுப்புகளை எடுத்துக்கொண்டு, தன்யூப் ஆற்றைக் கடலிலிருந்து பிறப்பிடம் நோக்கித் தொடரும் மூன்று மணி நேரப் பயணம். ஆற்றங்கரையிலேயே மவுத்தவுசன் வதைமுகாமும் இருக்கிறது. தொழில்நுட்பம், தாயகம், கவிதை குறித்த ஹைடெக்கரின் சிந்தனை மதிப்போடு விளக்கப்படுகிறது; இயந்திர வேளாண்மையையும் வதைமுகாம்களின் கொலையையும் அவர் ஒரே வரிசையில் வைத்துப் பேசியதை பிலிப் லாகூ-லபார்த் கடுமையாக எதிர்கொள்கிறார். சிந்தனையாளரைப் போற்றுவோரும் எதிர்ப்போரும் ஒரே படத்துக்குள் இருப்பதால், பார்வையாளரின் தீர்ப்புக்கு வேலை கிடைக்கிறது.

6. காப்பகத்தின் சாட்சியம்: ஐக்மன் வழக்கு

சிந்தனையாளரைக் காட்டாமல் அவருடைய கருத்தையே படமாக்க முயன்ற சிக்கலான எடுத்துக்காட்டு "ஒரு வல்லுநர்" (1999). யூதர்களை வதைமுகாம்களுக்கு அனுப்பும் பணியை ஒழுங்கமைத்த அடால்ஃப் ஐக்மன் மீதான வழக்கு 1961இல் ஜெருசலேமில் நடந்தபோது, லியோ ஹர்விட்ஸ் தலைமையில் அது முழுதாக ஒளிப்பதிவு செய்யப்பட்டது. அவ்வழக்கைக் குறித்து அரெண்ட் 1963இல் வெளியிட்ட நூல், ஐக்மனை அரக்கனாகக் காணாமல், தாம் செய்வதைப் பற்றிச் சிந்திக்கத் தவறிய அலுவலராகக் கண்டு, தீமையின் சாதாரணத்தன்மை என்னும் கருத்தை முன்வைத்தது. எயால் சிவனும் ரோனி ப்ரோமனும் அந்நூலை வழிகாட்டியாகக் கொண்டு, பல நூறு மணி நேரப் பதிவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட படத்தை அமைத்தனர். கண்ணாடிக் கூண்டுக்குள் கோப்புகளை அடுக்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, ரயில் அட்டவணையையும் அதிகார வரம்பையும் பற்றிப் பொறுமையாக விளக்கும் ஐக்மனைக் காணும்போது, அரெண்டின் கருத்துக்கு வேறு சான்றே தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது.

அந்தத் தோற்றம் இரண்டு வகையில் கேள்விக்குள்ளானது. முதலாவதாக, வெவ்வேறு நேரங்களில் பதிவான காட்சிகளையும் ஒலிகளையும் ஒட்டி, நீதிமன்றத்தில் நிகழாத தொடர்ச்சியைப் படம் உருவாக்கிவிட்டதாகக் காப்பகத் துறையிலிருந்து குற்றச்சாட்டு எழுந்தது. ஆவணப்படம் எதுவும் தொகுப்பின்றி உருவாவதில்லை என்னும் விளக்கம் ஓரளவு செல்லும். ஆனால் விளக்கவுரை ஏதுமின்றி, வழக்கே தன்னைக் காட்டிக்கொள்கிறது என்னும் தோரணையை மேற்கொண்ட படத்தில், தொகுப்பின் கை எங்கே செயல்பட்டது என்று அறியப் பார்வையாளருக்கு வழியில்லை. இரண்டாவதாக, 1957இல் அர்ஜென்டினாவில் நாஜிச் சார்பாளரான வில்லெம் சாசனிடம் ஐக்மன் பேசிய ஒலிநாடாக்கள். இவற்றை விரிவாக ஆராய்ந்த பெட்டினா ஷ்டாங்நெத், நீதிமன்றத்தில் தோன்றிய சலிப்பூட்டும் அலுவலர் ஒரு வேடம் என்று வாதிட்டார். ஒரு கோடிக்கு மேற்பட்ட யூதர் அனைவரையும் கொன்றிருந்தால் நிறைவு பெற்றிருப்பேன் என்னும் பொருள்பட ஐக்மன் அந்நாடாக்களில் பேசுகிறார். 2022இல் யாரிவ் மோசர் இயக்கிய தொடர், அந்த அசல் குரலை நடிகர்களின் உதட்டசைவோடு இணைத்து ஒளிபரப்பியது.

குரலைக் கேட்டபின் அரெண்டின் கருத்து வீழ்ந்துவிட்டதாகக் கொள்வோர் பலர். அவ்வளவு விரைந்த தீர்ப்பு பொருந்தாது. ஐக்மனிடம் வெறுப்பு இல்லை என்பதே அரெண்டின் வாதமானால் அது தவறென்று நிறுவப்பட்டுவிட்டது. தன் சொற்களைப் பிறர் நிலையிலிருந்து எண்ணிப் பார்க்கும் ஆற்றலற்ற நிலையே பெருங்கொடுமைக்கு வழிவிடுகிறது என்பது அவருடைய வாதமானால், வெறுப்பும் சிந்தனையின்மையும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். 1964 நேர்காணலில், காவல்துறை விசாரணையின் 3,600 பக்கங்களைக் கவனமாகப் படித்ததாகவும், படிக்கும்போது பலமுறை வாய்விட்டுச் சிரித்ததாகவும், அந்தத் தொனிக்காகத் தம்மைக் குறை கூறுவோருக்காக அதை மாற்ற முடியாது என்றும் அரெண்ட் சொல்கிறார். இச்சொற்கள் ஒரு பார்வையாளருக்கு நேர்மையாகப் படலாம், மற்றொருவருக்கு ஈரமின்மையாகப் படலாம். ஏற்பதற்கும் மறுப்பதற்கும் உரிய காரணங்கள் அங்கே அரெண்டின் வாயிலிருந்தே கிடைக்கின்றன. அரெண்டின் கருத்தை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்துக் காட்ட முயன்ற படத்தைவிட, அவரைக் கேள்வி கேட்டு விட்டுவிட்ட நேர்காணல் அக்கருத்துக்கு அதிகம் தொண்டு செய்திருக்கிறது.

இவ்வழக்கிலிருந்து அளவுகோலுக்கு இரண்டாவது கூறு ஒன்று கிடைக்கிறது. சிந்தனையாளரின் காரணங்கள் திரையில் வந்தால் மட்டும் போதாது. படம் தன் சான்றுகளை எவ்வாறு அமைத்தது என்பதும் பார்வையாளர் அறியும்படி இருக்கவேண்டும். தெரிதா படத்தின் வலிமையும் ஐக்மன் படத்தின் பலவீனமும் இக்கூற்றிலேயே வெளிப்படுகின்றன.

7. இந்தியச் சூழல்

இந்தியாவில் இவ்வகைமையின் தொடக்கம் ஒரு தமிழரின் பெயரோடு இணைந்தது. கோட்டையூரைச் சேர்ந்த ஏ.கே. செட்டியார், உலகின் பல பகுதிகளில் சிதறிக்கிடந்த செய்திப்பட நறுக்குகளைத் தேடிச் சேகரித்து, ஏறத்தாழ 50,000 அடி நீளப் படச்சுருளிலிருந்து தொகுத்த காந்தி ஆவணப்படம், தமிழ் விளக்கவுரையோடு 1940இல் வெளிவந்தது. அந்நிய ஆட்சியின்கீழ், போர்க்காலத்தில், தனிமனிதர் ஒருவரின் உழைப்பால் நிறைவேறிய இப்பணியை விவாதப் படத்துக்குரிய அளவுகோலால் மட்டும் அளப்பது முறையாகாது. அழிந்துபோகக்கூடிய சான்றுகளைக் காப்பதே அப்போது முதல் கடமை. பின்னாளில் காந்தியோடு வாதிட விரும்புவோருக்கும் அக்காட்சிகளே மூலப்பொருள். சத்யஜித் ராய் பிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்த "ரவீந்திரநாத் தாகூர்" (1961), கல்கத்தாவின் இறுதி ஊர்வலத்தில் தொடங்கி, நாகரிகத்தின் நெருக்கடி குறித்து தாகூர் தம் கடைசி ஆண்டில் விடுத்த செய்தியை நோக்கிச் செல்கிறது. கலை நயத்தில் அதற்கு ஈடானவை குறைவு. ஆயினும் அது அரசு எடுத்த நூற்றாண்டு நினைவுப் படம். வணங்கத்தக்க முன்னோர் என்னும் சட்டகத்தை அது விட்டு வெளியேறவில்லை. பின்னர் வந்த நூற்றுக்கணக்கான ஆளுமைப் படங்கள் ராயின் கலையைப் பெறாமல் அச்சட்டகத்தை மட்டும் பெற்றுக்கொண்டன.

தமிழில் அம்ஷன் குமார் எடுத்த பாரதி படமும், ரவிசுப்பிரமணியன் எடுத்த ஜெயகாந்தன் படமும் போன்ற முயற்சிகள், எழுத்தாளுமைகளை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்த்த அரிய பணிகள். குறைந்த பொருள்வசதியில், பெரும்பாலும் சொந்தப் பிடிவாதத்தால் உருவானவை அவை. அவற்றின் அடுத்த கட்டமாக, ஒரு தமிழ்ச் சிந்தனையாளரை அவருடைய வலுவான எதிராளியோடு சேர்த்தே காட்டும் படங்கள் உருவாகவேண்டும். சமயம், சாதி, மொழி, பெண்ணுரிமை குறித்துத் தமிழ்ப் பொதுவெளியில் நடந்த விவாதங்களின் கூர்மையை அறிந்தவர்களுக்கு, இதற்குப் பொருள் பஞ்சமில்லை என்பது தெரியும்.

வாதத்துக்கான இடம் இயக்குநரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதை அமர்த்திய சென்னைப் பற்றிய சுமன் கோஷின் ஆவணப்படம் காட்டியது. சென்னின் மாணவரும் பொருளியலாளருமான கௌசிக் பாசு அவரோடு நடத்தும் உரையாடலை மையமாகக் கொண்ட அப்படத்தில், பசு, குஜராத், இந்து, இந்துத்துவம் ஆகியவை தொடர்பான சொற்களின் ஒலியை நீக்குமாறு 2017இல் தணிக்கை வாரியம் கேட்டது. இயக்குநர் மறுக்க, இழுபறிக்குப் பின் 2018இல்தான் படம் திரைக்கு வந்தது. இந்திய மரபில் வாதத்துக்கு இருந்த இடத்தை வலியுறுத்தும் ஒருவரின் உரையாடலில், சொற்களை ஒலியற்றதாக்கக் கேட்பது அவருக்கு மட்டும் இழைக்கப்பட்ட அநீதியன்று. சென்னின் கருத்தை மறுக்க விரும்பும் பார்வையாளருக்கும் அவர் என்ன சொன்னார் என்பது கேட்கவேண்டும். மறுப்பவரின் உரிமையும் அதே கத்தரியில் வெட்டுப்படுகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட படங்களை ஒருசேர நோக்கும்போது மூன்று முடிவுகள் தெளிவாகின்றன. முதலாவது, வாழ்க்கையைக் காட்டுவதா சிந்தனையைக் காட்டுவதா என்னும் எதிர்நிலை அவ்வளவு பயன் தருவதன்று. அயரின் ஒப்புதலிலும் சுனோரா டெய்லரின் கடைவீதிப் பயணத்திலும் வாழ்வே காரணமாக முன்வைக்கப்படுகிறது. வெறும் நெருக்கம் மட்டும் காட்டப்படும் இடத்தில் வாழ்வும் புரிவதில்லை, சிந்தனையும் புரிவதில்லை. இரண்டாவது, மறுப்புக் குரலின் இருப்பு படத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அக்குரல் கேள்வி கேட்பவருடையதாக இருக்கலாம், எதிர்க்கருத்துடைய அறிஞருடையதாக இருக்கலாம், சிந்தனையாளர் தம்மையே திருத்திக்கொள்வதாகவும் இருக்கலாம். மூன்றாவது, படம் தன் தொகுப்பு முறையை மறைக்கும்போது, சரியான கருத்தைச் சொன்னாலும் அது பார்வையாளரின் தீர்ப்பைப் பறித்துக்கொள்கிறது.

இவ்வளவுகோல் அழகியலைப் புறக்கணிக்கிறது என்றோ, போற்றுதலுக்கு எதிரானது என்றோ கருதவேண்டியதில்லை. ஒரு சிந்தனையாளருக்குச் செய்யத்தக்க உயர்ந்த மரியாதை, அவர் சொன்னதை உண்மையாக இருக்கக்கூடிய ஒன்றாக எடுத்துக்கொண்டு சோதிப்பதே. பொய்யாக இருக்கவே முடியாதென முன்கூட்டியே முடிவு செய்த ஒன்றை எவரும் சோதிப்பதில்லை. சிலை வைப்பதில் தேர்ந்த சமூகங்களுக்கு இம்மரியாதை எளிதில் கைவருவதில்லை. அதனாலேயே அதைப் பழக்கக்கூடிய படங்கள் தேவைப்படுகின்றன. சிந்தனையாளர்களைப் பற்றிய படம் எடுக்க முனைவோர், நிதியும் அனுமதியும் நாடுவதற்கு முன்பே, தம் நாயகரின் கருத்தை ஏற்காத அறிவார்ந்த ஒருவரைத் தேடிக் கண்டு, அவருக்கும் கேமராவின் முன் ஓர் இருக்கை போடுவதிலிருந்து தொடங்கலாம்.